பொழில கொடுவா பிடிக்க என்ன வாங்கலாம்: உயிர் றாலா, ஹார்ட் லூரா, சாஃப்ட் பிளாஸ்டிக்கா?

மார்த்தாண்டம், கருங்கல், பாறசாலை பக்கத்துல இருந்து பொழிக்கு, அதாவது ஆறு கடல்ல சேருற எடத்துக்கு, மீன் பிடிக்க வாற நெறைய பேரு இப்ப கேக்குறது ஒரே கேள்விதான். ராடும் ரீலும் வாங்கியாச்சு, கையில இன்னும் கொஞ்சம் காசு இருக்கு, இனி சாஃப்ட் பிளாஸ்டிக் (ரப்பர் மாதிரி மெத்துன்னு உள்ள பொய் இரை) வாங்கவா, ஹார்ட் லூர் (கட்டியான பொய் மீனு) வாங்கவா, இல்ல பழையபடி உயிர் றாலே போதுமா? கடைக்கு போனா ரப்பர் மீனு ஒரு செவுரு முழுக்க தொங்குது, ஆன்லைன்ல அதுக்கு மேல, எத எடுக்கதுன்னே தெரியல.

எனக்க பதில மொதல்லயே சொல்லிடுதேன். நம்ம பொழிகளுக்கு சாஃப்ட் பிளாஸ்டிக் நல்லா ஒத்துவரும், மூணுல மொதல்ல வாங்க வேண்டியதும் அதுதான், ஆனா வாலு டிசைனையும் கலரையும் பாத்து வாங்குறதுக்கு முன்ன ஜிக் ஹெட்டுக்க, அதாவது லூர ஏத்துற ஈயம் வச்ச தூண்டலுக்க, எடைய முடிவு பண்ணுங்க. லூரு எந்த ஆழத்துல எவ்ளோ வேகத்துல போகுதுங்கறதுதான் மீன் கடிக்கவா வேண்டாமான்னு முடிவு பண்ணுது, அந்த ரெண்டும் எடையிலதான் இருக்கு. எல்லாரும் பாக்கெட்டுக்கு காச செலவு பண்ணிட்டு ஜிக் ஹெட்ல ஒரே சைஸ் வாங்கிட்டு வாறாங்க, பொறவு மீன் இல்லன்னு சொல்லுதாங்க. அதனாலதான் இத இவ்ளோ நீளமா எழுதுதேன்.

மொதல்ல நம்ம வெள்ளத்த, அதாவது பொழில உள்ள தண்ணிய, பத்தி பேசணும். சாஃப்ட் பிளாஸ்டிக் வச்சு பொழில பிடிக்க வீடியோ பாத்தா பாதிக்கு மேல ஆஸ்திரேலியாக்காரங்க வீடியோ, அங்க கொடுவாவ பாராமுண்டின்னு சொல்லுவாங்க, அதே மீன்தான். ஆனா டார்வின் பக்கம் பெரிய ஓதத்துல வெள்ளம் ஏறி எறங்குற வித்தியாசம் 7 மீட்டருக்கு மேல போகும். நம்ம கரையில, குளச்சல்ல இருந்து விழிஞ்ஞம் வரைக்கும், அது 1 மீட்டர் கூட வராது. அவங்க ஓத அட்டவணைய பாத்து மணிக்கணக்கு சொல்லுதத அப்படியே இங்க எடுத்து வச்சா சரிவராது. நமக்கு ஓதத்த விட பெரிய விசயம் ரெண்டு, ஒண்ணு பொழி தெறந்து கெடக்கா மூடி கெடக்காங்கறது, இன்னொண்ணு மேல மழை பெஞ்சுதா, டேம் தெறந்தாங்களாங்கறது. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்துல சேந்து குழித்துறை வழியா வந்துதான் தேங்காப்பட்டணத்துல கடல்ல விழுது, பேச்சிப்பாறையோ பெருஞ்சாணியோ உபரி தண்ணி விட்டாச்சுன்னா அந்த கலங்கலும் இழுப்பும் பொழி வரைக்கும் வந்து சேரும். பூவாறுக்கு நெய்யாறு டேம் அப்படி. குமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, ஜூன் தொட்டு தென்மேற்கு, அக்டோபர் தொட்டு வடகிழக்கு, அதனால வருசத்துல ரெண்டு தடவ வெள்ளம் சாயா கலருக்கு போயிரும், ஜனவரில இருந்து தெளிஞ்சு வரும், கோடையில சின்ன பொழிகள்ல மணல் அடஞ்சு கொளம் மாதிரி நின்னுரும். ஒரே எடம்தான், ஆனா மாசத்துக்கு மாசம் வேற வெள்ளம், அதனாலதான் எடைய மாத்திகிட்டே இருக்கணும்னு சொல்லுதேன்.

இனி உயிர் றால். நம்ம அப்பா காலத்துல இருந்து இதுதான், இதுக்கு முன்னால எந்த பிளாஸ்டிக்கும் நிக்காதுன்னு சொல்லுத அண்ணன்மாரு பலரு உண்டு, அவங்க சொல்லுதது ஒரு நேரத்துக்கு முழுக்க சரி. பொழி மூடி வெள்ளம் கண்ணாடி மாதிரி அசையாம கெடக்குற மாசி பங்குனி மாசத்துல கொடுவா லூர பக்கத்துல வந்து பாத்துட்டு திரும்பி போயிரும், அப்ப உயிர் றால் ஒண்ணு தானா துடிச்சுகிட்டு மணமும் விட்டுகிட்டு நின்னா அத கொடுவாவால விட முடியாது. ராத்திரி ஒரே எடத்துல உக்காந்து பிடிக்கவும் றால்தான் நல்லது. மடவைக்கும் கரிமீனுக்கும் இந்த லூரு எதுவுமே பிரயோஜனம் இல்ல, மடவைக்கு மாவு உருட்டி போடணும், கரிமீனுக்கு புழுவோ றால் துண்டோ வேணும், வீட்டுக்கு கறி வைக்க கரிமீனுதான் வேணும்னா இந்த கட்டுரைய இங்கயே நிறுத்திட்டு போயி புழு தோண்டலாம்.

ஆனா றாலுக்கு உள்ள கஷ்டம் கரைக்கு போனாதான் தெரியும். காலைல வலைக்காரங்க வாற நேரத்துக்கு போயி நிக்கணும், உயிரோட கெடைக்கணும், வாளியில ஏர் பம்ப் ஓடணும், நம்ம வெயிலுக்கு பத்து மணி ஆச்சுன்னா பாதி வெளுத்து மெதக்கும். போட்ட ஒடனே பேத்த (வயித்த ஊதி உருண்டையாகுற மீனு) வந்து கடிச்சு வெறும் தூண்டல விட்டுட்டு போயிரும், பேத்த விட்டா நண்டு, நண்டு விட்டா கெளுத்தி. இன்னொண்ணு எனக்கு மனசுக்கு உறுத்துற விசயம், றால மீன் ஆழமா முழுங்கும், சின்ன கொடுவா முழுங்கிட்டா தூண்டல எடுக்கும்போ செவுளு கிழியும், அத வெள்ளத்துல விட்டாலும் பொழைக்காது. சாஃப்ட் பிளாஸ்டிக்ல ஒத்த தூண்டல், பெரும்பாலும் ஒதட்டுலயோ வாய் ஓரத்துலயோதான் மாட்டும், எடுத்து விட்டா நல்லா நீந்தி போகும். பொறவு முக்கியமா, றால் போட்டா மீன் வாறதுக்கு நாம காத்து கெடக்கணும், லூரு போட்டா மீன் இருக்குற எடத்த நாம தேடி நடக்கலாம், ஒரு மணிக்கூருல தேங்காப்பட்டணம் கல்லுக்கட்டு பூரா எறிஞ்சு பாத்துரலாம். வேலைக்கு போறதுக்கு முன்ன காலைல ரெண்டு மணிக்கூரு மட்டும் நேரம் உள்ளவங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஹார்ட் லூருன்னா மீன் ரூபத்துல கட்டி பிளாஸ்டிக்லயோ மரத்துலயோ செஞ்சு, வாய்க்கு கீழ ஒரு நாக்கும் வயித்துல ரெண்டு மூணுமுள்ளு தூண்டலும் வச்சது. இது கொள்ளாம், இத கொற சொல்ல மாட்டேன். பாலத்துக்கு அடியில ராத்திரி லைட் விழுற எடத்துல சின்ன மீனு மேல்மட்டத்துல ஓடும்போ, கொடுவா ‘டப்’புன்னு வாய தெறந்து உறிஞ்சுற சத்தம் கேக்கும்லா, அந்த நேரம் மேல மெதக்குற ஹார்ட் லூருக்கு ஈடு கெடையாது. சீலா நெறைய உள்ள பொழிவாயில சாஃப்ட் பிளாஸ்டிக் ஒவ்வொரு கடிக்கும் பாதியா அறுந்து வரும், அங்கயும் ஹார்ட்தான் லாபம். ஆனா நாக்கு வச்ச லூரு கம்பெனிக்காரன் சொன்ன ஆழத்துக்கு மட்டும்தான் போகும், 1 மீட்டர் லூரு 1 மீட்டருதான், மீன் 3 மீட்டர்ல கெடந்தா வேற லூரு வாங்கணும். நம்ம பொழிக்கு அடியில பழைய வலை, கயிறு, கண்டல் (அலையாத்தி) வேரு, கதம்பை (தேங்கா மட்டை) ஊறப்போட்ட எடத்துல நட்டுன கம்பு, இப்படி மாட்டுறதுக்கு எல்லாமே உண்டு, ரெண்டு மூணுமுள்ளு தூண்டல் மாட்டாம வராது. நல்ல ஹார்ட் லூரு ஒண்ணு போச்சுன்னா அந்த காசுக்கு ஒரு பாக்கெட் சாஃப்ட் பிளாஸ்டிக்கும் நாலு ஜிக் ஹெட்டும் வந்துரும். அதனால ஹார்ட் லூரு ரெண்டாவது வாங்க வேண்டிய சாமானம், அதுவும் மேல மெதக்குறது ஒண்ணு மட்டும்.

இனி சாஃப்ட் பிளாஸ்டிக்குக்குள்ள வருவோம். இது ஒண்ணும் புதுசு இல்ல, 1949ல அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து ஆக்ரன்ங்கற ஊர்ல நிக் கிரீம்ன்னு ஒருத்தர் மண்புழு ரூபத்துல மெத்துன்னு பிளாஸ்டிக்ல வார்த்து எடுத்ததுல இருந்து தொடங்குனது. அப்ப அது நன்னீர்ல பாஸ் மீன் பிடிக்க. பொழிக்குன்னு நமக்கு தேவைப்படுற ரூபம் நாலுதான், மத்ததெல்லாம் அதுல இருந்து வந்த மாத்தம்.

துடுப்பு வால், கடையில பேடில் டெயில்னு கேட்டா எடுத்து தருவாங்க. வாலு முனையில சின்ன தட்டு மாதிரி நிக்கும், இழுத்தா அது அங்கோட்டும் இங்கோட்டும் அடிச்சு வெள்ளத்த ஒதறும். மீனுக்கு ரெண்டு பக்கமும் ஒடம்பு நெடுக ஒரு கோடு உண்டுல்லா, அந்த கோட்டு வழியா இந்த அதிர்வு அதுக்கு தெரியும், கண்ணுக்கு தெரியாத கலங்கல்லயும் தெரியும். மழை முடிஞ்சு குழித்துறை ஆறு செவந்து ஓடுற நேரத்துல நான் வேற எதையும் கட்டுறதே இல்ல. ஒண்ணும் தெரியாத ஒருத்தரு எறிஞ்சு சும்மா சுத்தி எடுத்தாலே இது வேல செய்யும், அதான் இதோட பெரிய பலம். 3 இன்ச்ல இருந்து 4 இன்ச் வரைக்கும் நம்ம பொழிக்கு சரியான அளவு, பாறை மீன், கொடுவா, செம்பல்லி, களவா, உடுப்பாத்தி எல்லாம் எடுக்கும். 5 இன்ச் வாங்குனா பெரிய கொடுவா வரும்னு நெனச்சு வாங்காதீங்க, இங்க அதுங்க தின்னுற மடவைக் குஞ்சும் றாலும் பெரும்பாலும் வெரல் நீளம்தான்.

சுருட்டு வால், கர்ல் டெயில். மெல்லிசா நாடா மாதிரி வாலு, ரொம்ப மெதுவா இழுத்தாலும் ஆடும். இழுப்பு கொறஞ்ச ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா) கால்வாய் பக்கம், பொழிக்கு மேல சின்ன ஓடைகள்ல, சின்ன பாறைக்கும் களவாக்கும் நல்லா இருக்கும். ஆனா பேத்த உள்ள எடத்துல வாலு நாலு எறிக்கு நிக்காது, கடிச்சு மொட்டையாக்கிரும். அதனால நான் இத சிபாரிசு பண்ணுறது கம்மி.

றால் ரூபம். எல்லாருக்கும் பாத்த ஒடனே பிடிக்கறது இதுதான், கண்ணு, மீசை, காலு எல்லாம் வச்சு அசல் றால் மாதிரியே இருக்கும், வெலையும் அதுக்கேத்தாப்ல. நம்ம பொழில மீன் அதிகமா தின்னுறதும் றால்தான், அதனால இதுதான் சரின்னு தோணும். இங்கதான் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். துடுப்பு வாலுக்கு வெள்ளமே வேல செஞ்சு குடுக்கும், றால் ரூபத்துக்கு நம்ம கைதான் வேல செய்யணும். சும்மா சுத்தி எடுத்தா அது ஒரு குச்சி மாதிரி வரும், எந்த றாலும் நேரா அப்படி நீந்தாது. அடியில விட்டு, ராட சின்னதா ரெண்டு தடவ சுண்டி, நூல தளர விடாம பைய கீழ எறங்க விடணும், அந்த எறங்குற நேரத்துலதான் கடி விழும், அதுவும் ‘டிக்’குன்னு ஒரு தட்டு மட்டும்தான் கையில தெரியும், நூல் தளந்து கெடந்தா அதுவும் தெரியாது. இது கையில வந்தவனுக்கு தெளிஞ்ச வெள்ளத்துல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, பூவாறு காயல்ல கண்டல் ஓரத்துல செம்பல்லிக்கு இத விட நல்லது நான் பாத்ததில்ல. புதுசா வாறவங்களுக்கு மொதல் பாக்கெட்டா இத நான் சொல்ல மாட்டேன், ரெண்டாவதா வாங்குங்க.

நாலாவது, வாலே ஆடாத நேர் குச்சி ரூபம், ஜெர்க் ஷேட்னு வாறது. பாறை மீனுக்கு ரொம்ப நல்லது, வெட்டி வெட்டி இழுத்தா அடிபட்ட மீன் மாதிரி தாறுமாறா ஓடும். அது பொறவு பாத்துக்கிடலாம்.

இனி எடை. ஜிக் ஹெட்டுன்னா தூண்டலுக்க கழுத்துல ஈயமோ டங்ஸ்டனோ உருட்டி வச்சது. கடையில 3, 5, 7, 10, 14, 21 கிராம்னு கெடைக்கும். எந்த எடைன்னு தெரிய ஒரே வழிதான், எறிங்க, நூல லேசா பிடிச்சு விடுங்க, அடியில தட்டுனா நூல் தளரும், அத பாருங்க. தட்டுனது தெரியவே இல்லன்னா எடை போதல, இழுப்பு லூர நடுவெள்ளத்துல தூக்கிகிட்டு போகுது. போட்ட ஒடனே கல்லு மாதிரி விழுந்து ஒவ்வொரு தடவையும் மாட்டிகிட்டே இருந்தா எடை கூடுதல். அடி தட்டுறது தெரியுற அளவுக்கு உள்ளதுல எது ஆகக் கொறஞ்ச எடையோ அதுதான் அந்த எடத்துக்கு அந்த நேரத்துக்கு சரியான எடை. கொறஞ்ச எடை எதுக்குன்னா லூரு பைய எறங்கும், எறங்குற நேரம் எவ்ளோ நீளுதோ அவ்ளோ நேரம் மீனுக்க கண்ணு முன்னால அது நிக்கும், கொடுவாவும் செம்பல்லியும் அடிக்கறது பெரும்பாலும் எறங்கும்போதான்.

எடம் எடமா சொல்லுதேன். தேங்காப்பட்டணத்துல தூண்டில் வளைவு கல்லுல நின்னு பொழிவாய் பக்கம் எறியும்போ, வெள்ளம் எறங்குற நேரம்னா 14 கிராமுக்கு கொறஞ்சா அடி கிட்டாது, மழை காலத்துல 21 வேணும். காத்து எதுக்க அடிச்சாலும் அதேதான், எறி போகவே எடை வேணும். அதே எடத்துல உள்வசத்துல, துறைமுகத்துக்கு உள்ள வெள்ளம் அசையாத மூலையில 7 போதும். பூவாறுல வள்ளத்துல போயி கண்டல் வேரு ஓரத்துல எறியுறவங்களுக்கு 5 கிராம், ஆழம் கொறஞ்ச எடத்துல 3 கூட மதி, அங்க 14 போட்டா சேறுக்குள்ள போயி புதையும். ஆத்து நடுவுல ஆழமான வளைவுல, வெளிப்பக்கம் கரை செங்குத்தா எறங்குற எடத்துல 10. மணக்குடி மாதிரி பரந்து கெடக்குற ஆழமில்லாத எடத்துல 5, 7. அங்க கண்டல் பக்கம் போறவங்க ஒண்ண மனசுல வைங்க, சுசீந்திரம் தேரூர் மணக்குடி பாதுகாப்பு பகுதின்னு வனத்துறை பாக்குற எடம் அது, எங்க போகலாம் எங்க கூடாதுன்னு கேட்டுட்டு போங்க, பறவை அடையுற பக்கம் நூல விட்டுட்டு வராதீங்க.

இதுல இருந்து என்ன தெரியுதுன்னா 5, 10, 14 மூணும் கையில இருந்தா நம்ம பக்கத்து பொழி எதுலயும் நிக்கலாம், மழை காலத்து பொழிவாய்க்கு மட்டும் 21 வேணும். ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு வாங்குங்க, மாட்டி போறது அதுதான். காச கொறைக்கணும்னா லூருல கொறைங்க, இதுல கொறைக்காதீங்க. தூண்டல் சைஸ் 3 இன்ச் லூருக்கு 2/0, 4 இன்ச்சுக்கு 3/0 இல்ல 4/0. கம்பி கனமா இருக்கணும், நன்னீர்க்கு உள்ள மெல்லிசு கம்பி ஜிக் ஹெட் வெல கொறவா கெடைக்கும், கொடுவா ஒரு தடவ சாடி தலைய ஒதறுனா அது நிமிந்துரும். லூர தூண்டல்ல ஏத்தும்போ பக்கத்துல வச்சு எங்க குத்தி வெளிய எடுக்கணும்னு அளந்து பாத்து ஏத்துங்க, கோணலா ஏறுனா இழுக்கும்போ பம்பரமா சுத்தும், நூலும் முறுக்கும், மீனும் வராது. இத ஒரு நிமிசம் எடுத்து சரியா செய்யுறது புது கலர் வாங்குறத விட பிரயோஜனம்.

ஜிக் ஹெட்டா, இல்ல தூண்டல் முனைய லூருக்குள்ளயே மறைச்சு வைக்குற வீட்லெஸ் ஹூக்கான்னு அடுத்த கேள்வி. வெளிய முள்ளு தெரியுற ஜிக் ஹெட்ல மீன் மாட்டுறது உறுதி, கடிச்சா மாட்டும். மறைச்சதுல கடி விழுந்தா ராட நல்லா ஓங்கி இழுத்தாதான் முள்ளு வெளிய வந்து ஒதட்டுல ஏறும், பழகாதவங்களுக்கு பாதி மீன் போயிரும். ஆனா கண்டல் வேருக்குள்ளயும், கதம்பை கம்பு நட்ட எடத்துலயும், ஆகாயத்தாமரை அடஞ்ச கால்வாய்லயும் வேற வழியே இல்ல. செம்பல்லி அந்த வேருக்குள்ளதான் கெடக்கும், ஒரு முழம் தள்ளி எறிஞ்சா அது வெளிய வராது, அதனால வேருக்கு அடியிலயே போட்டாகணும். கடிச்ச ஒடனே திரும்பி வேருக்குள்ள ஓடும், ரீல்ல நூல் ஓடுறத பிடிச்சு வைக்குற டிராக்க இறுக்கமா வச்சு மொதல் ரெண்டு மூணு செகண்டுல வெளிய இழுத்தாதான் உண்டு. பூவாறு மாதிரி எடத்துக்கு போறவங்க வீட்லெஸ் பழகுங்க, கல்லுல நின்னு தெறந்த வெள்ளத்துல எறியுறவங்களுக்கு அது தேவையில்ல.

மெட்டீரியல் ரெண்டு வகை. ஒண்ணு சாதாரண பிவிசில எண்ணெய் மாதிரி ஒண்ண சேத்து மெத்துன்னு ஆக்குனது, கடையில உள்ளது பெரும்பாலும் இது. இன்னொண்ணு எலாஸ்டோமர், இசட்மேன் கம்பெனிக்காரங்க எலாஸ்டெக்னு பேரு போட்டு விக்குறது, ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும், கிழியாது, தானா மெதக்கும். ஜிக் ஹெட்ல ஏத்தி அடியில போட்டா ஈயம் கீழயும் வாலு மேலயுமா நிக்கும், தின்னுறதுக்கு தலைய கவுத்துன சின்ன மீன் மாதிரி. பாக்கெட் வெல கூடுதல்தான், ஆனா நம்ம பொழில பேத்த இருக்குல்லா, அத கணக்குல எடுத்தா கூடுதல் வெல இல்ல. பிவிசி லூர பேத்த வட்டமா கடிச்சு எடுத்துட்டு போகும், ஒரு காலைல பாக்கெட் காலி, எலாஸ்டோமர் நெறைய நாளைக்கு வரும். ரெண்டையும் ஒரே டப்பாவுல போடவே கூடாது, ஒண்ணோட ஒண்ணு பட்டு உருகி கூழாயிரும், சில டப்பா பிளாஸ்டிக்கையும் அது தின்னும், அதனால வாங்குன கவர்லயே வைங்க. பைக் டிக்கியில வெயில்ல விட்டுட்டு வேலைக்கு போனா எந்த வகையும் வளஞ்சு போகும். பெர்க்லி கல்ப்னு மணம் ஊறப்போட்ட வகை ஒண்ணும் உண்டு, உயிர் இரைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல உள்ளது, நின்ன வெள்ளத்துல நல்லா கடிக்கும், ஆனா தூண்டல்ல ஏத்தி வெயில்ல விட்டா காஞ்சு கல்லாயிரும், வெலையும் நம்ம கைக்கு கூடுதல். எனக்க ஓட்டு எலாஸ்டோமர் துடுப்பு வாலுக்கு.

கலரு. கலங்கல் வெள்ளத்துல கறுப்போ கரும்பச்சையோ, இல்லன்னா கண்ண பறிக்குற எலுமிச்ச மஞ்ச. தெளிஞ்ச வெள்ளத்துல றால் கலரு, கண்ணாடி மாதிரி உள்ளது. ரெண்டு கலரு போதும்.

நூலு 10ல இருந்து 20 பவுண்ட் பிரெய்ட் (பின்னுன நூல்), அதுக்கு முன்னால ஒரு கை நீளத்துக்கு 30 இல்ல 40 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் லீடர். பழைய தங்கூசிலயே முழுசா சுத்தி வச்சா அது இழுபடும், அடி தட்டுறதும் ‘டிக்’குன்னு கடிக்கறதும் கைக்கு வராது, சாஃப்ட் பிளாஸ்டிக்குக்கு அது ஆகாது. லீடர் எதுக்குன்னா கொடுவாவுக்க வாய் அரம் மாதிரி சொரசொரப்பு, செவுளு மூடி கத்தி, பிரெய்ட் அதுல பட்ட ஒடனே போயிரும். ராடு 7 அடியில இருந்து 8 அடி, 7 கிராமுல இருந்து 28 கிராம் வரைக்கும் எறியுறது.

எறங்குற வெள்ளத்த விடாதீங்க. ஓதம் சின்னதா இருந்தாலும் சின்ன ஓடையில இருந்து றாலும் குஞ்சு மீனும் பெரிய ஆத்துக்குள்ள வடிஞ்சு வாற நேரம் அது, ஓடை வாயில ஒரு ஓரமா கொடுவா காத்து நிக்கும். ஓடைக்கு மேல எறிஞ்சு வெள்ளத்தோட சேத்து லூர கீழ கொண்டு வாங்க, எதுக்க இழுக்காதீங்க, எந்த றாலும் அந்த இழுப்புக்கு எதுக்க நீந்தாது.

கொடுவாவ பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அது மொதல்ல ஆணா வளந்து, பொறவு பெருசான பொறவு பெண்ணா மாறுற மீன், 80, 90 சென்டிமீட்டருக்கு மேல உள்ளது பெரும்பாலும் பெண்ணுதான், மழை காலத்துல பொழிவாய்க்கு எறங்கி வாறது முட்ட போடதான். அந்த நேரத்துல பெருச தூக்கி போட்டோ எடுத்துட்டு கறிக்கு கொண்டு போனா பொழிக்கு அடுத்த வருச மீன கொண்டு போறோம். ஒத்த தூண்டல்ல ஒதட்டுல மாட்டுனத வெள்ளத்துல வச்சே கழத்தி விடலாம், செவுளுக்குள்ள கைய விட்டு தூக்காதீங்க. வீட்டுக்கு நடுத்தரமா ஒண்ணு போதும்லா. கிழிஞ்ச லூர வெள்ளத்துல களையாதீங்க, மீன் முழுங்குனா செரிக்காது, வயித்துக்குள்ளயே கெடக்கும், ஒரு பழைய டப்பாவுல போட்டு வீட்டுக்கு கொண்டு வாங்க.

தேங்காப்பட்டணம் கல்லுல நிக்குறவங்க பொழிவாய்க்கு நேர முனை வரைக்கும் போகாதீங்க, கடல் அறிஞ்ச வள்ளக்காரங்களே அந்த வாயில அலை கவுத்து உயிர விட்ட எடம், பாசி பிடிச்ச கல்லுல சறுக்குனா பிடிக்க ஒண்ணும் கெடையாது. மழை காலத்துல உள்வசத்துல நின்னாலே போதும், அந்த நேரம் மீனும் அங்கதான் ஒதுங்கும்.

அப்ப யாரு என்ன வாங்கணும். கல்லுல நின்னு காலைல கொஞ்ச நேரம் எறியுறவரு, ஒரு பாக்கெட் 4 இன்ச் எலாஸ்டோமர் துடுப்பு வால், ஜிக் ஹெட் 7லயும் 14லயும் கூடுதலா, மழைக்குன்னு 21ல ரெண்டு. பூவாறுலயோ மணக்குடியிலயோ வள்ளம் எடுத்து ஆழமில்லாத எடத்துல எறியுறவரு, 3 இன்ச் துடுப்பு வால் ஒண்ணு, றால் ரூபம் ஒண்ணு, 3, 5 கிராம் ஜிக் ஹெட், கூட வீட்லெஸ் ஹூக் ஒரு பாக்கெட். காசு ரொம்ப கொறவா உள்ள காலேஜ் பயலுவ எலாஸ்டோமர் வேண்டாம், சாதாரண பிவிசி துடுப்பு வால் கறுப்புல ஒண்ணு, 10 கிராம் ஜிக் ஹெட் அஞ்சு, அது நடுத்தரமா எல்லா எடத்துக்கும் ஒரு மாதிரி ஒத்துவரும், பேத்த கடிச்ச வால மெழுகுவத்தில சூடாக்கி ஒட்டி திரும்பவும் போடலாம், ஜன்னல தெறந்து வச்சுட்டு ஒட்டுங்க, அந்த புகை நல்லதில்ல. பங்குனி மாசம் பொழி மூடி வெள்ளம் நின்னு போச்சுன்னா இதெல்லாத்தையும் பையில வச்சுட்டு வலைக்காரரு கிட்ட உயிர் றால் வாங்குங்க, மழை விழுந்து பொழி தெறந்த பொறவு துடுப்பு வால எடுக்கலாம்.